நேர்ந்துவிட்ட கிடா

அந்தக் கிடாவின் நெற்றியில் மஞ்சள் இருந்தது. இரண்டு நாள் மழையில் நனைந்தும் மயிரடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அடையாற்றில் வெள்ளம் ஏறியபோது, பள்ளிக்கூட மொட்டை மாடியிலிருந்து மனிதர்களை முதலில் இறக்கினார்கள். மிஞ்சி நின்ற கிடாவை, வெள்ளத்தில் சிக்கிய பிராணிகளை மீட்கப் போன எங்கள் ஆட்கள் படகில் கொண்டுவந்தார்கள். மாதாகோயில்காரர்கள் தங்கள் மண்டபத்தை எங்களுக்கு ஒழித்துத் தந்திருந்தார்கள். நாய்களுக்கும் பூனைகளுக்கும் நடுவே அதைக் கட்டிப்போட்டு, குளம்புப் புண்ணுக்கு நான்தான் மருந்து போட்டேன். தரமணியில் கம்ப்யூட்டர் தட்டுகிறவனுக்கு, உயிரைக் காப்பாற்றுகிறோம் என்று தலைகால் புரியாத பெருமை.

ஆட்டுக்கார அக்கா நிவாரண முகாமிலிருந்து தினமும் தழை ஒடித்துக்கொண்டு நடந்தே வருவார். மகள் டெங்குவில் பிழைத்ததற்காக அம்மனுக்கு நேர்ந்துவிட்ட கிடா, ஆடியில் வெட்டவேண்டும் என்று ஒருநாள் சொன்னார். எனக்குள் ஒரு நீதிபதி உட்கார்ந்துவிட்டான். வெட்டுவதற்கா இத்தனை ஊசி போட்டோம்? யாரிடமும் கேட்காமல், மறுநாள் காலையே செங்கல்பட்டுப் பக்கம் நண்பனின் தோட்டத்துக்கு வண்டியில் ஏற்றி அனுப்பினேன்.

மத்தியானம் அக்கா வந்தார். காய்ச்சலில் செத்துவிட்டது, பின்பக்கம் புதைத்துவிட்டோம் என்றேன். நாக்கு தடுமாறவே இல்லை.

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"உன்னாண்ட ஒண்ணு கேக்கலாம்னுதான் வந்தேன் நைனா. மாடில ரெண்டு நாளும் எம்பொண்ணு அத்த கட்டிப்புடிச்சிக்கினுதான் குந்திக்கினு இருந்துச்சு. அந்தச் சூடு இல்லன்னா புள்ள வெறச்சிப் போயிருக்கும். இனிமே எப்டி வெட்டுறது? அம்மனாண்ட மன்னிப்பு கேட்டுக்கினேன். நாளைக்கு எங்கள ஊருக்கு வெளிய கவர்மெண்டு கட்டுன மாடி வூட்டுக்கு அனுப்புறாங்கோ, அங்க ஆடு வளக்க முடியாது. நீயே வச்சி வளத்துக்கன்னு சொல்லலாம்னு..."

அந்த நிமிஷமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு போன் போட்டால் மறுநாளே கிடா வந்திருக்கும். பொய்க்காரன் என்று தெரிந்துவிடுமே என்ற வெட்கம்தான் வாயை அடைத்தது, வேறொன்றும் இல்லை.

மறுநாள் லாரி ஏறுமுன் மகளைக் கூட்டிவந்தார். ஏழெட்டு வயதிருக்கும். மண்டபத்துக்குப் பின்னால் ஏதோ ஓர் இடத்தைக் காட்டினேன். அவள் ஈர மண்ணில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "குளுருமாம்மா அதுக்கு?" என்று கேட்டாள். அக்கா என்னைப் பார்த்தார். குளிராது என்றேன்.

நண்பன் போன மாதம்கூட போட்டோ அனுப்பினான். கிழட்டுக் கிடா, வெயிலில் படுத்து அசைபோடுகிறது. அதைப் பார்க்கவேண்டியவள் ஊருக்கு வெளியே எந்த மாடி வீட்டில் வளர்ந்து நிற்கிறாளோ, அது செத்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டு.