இரண்டே கால் கிலோ துப்பாக்கி

ரொட்டியின் ஓரத்தைச் சுற்றிலும் அறுத்துவிட்டு அதை மறுபடி தராசில் வைக்கிறார் ஓட்வார். பதினெட்டு கிராம் குறைந்திருக்கிறது. அறுத்த ஓரங்களை மென்றுகொண்டே பழுப்புப் பாலாடைக்கட்டிக்குக் கை நீட்டுகிறார். கேக்குக்கு மாவு நிறுக்க வாங்கிய தராசு அது. வேட்டைக்கு முந்தைய ஆகஸ்ட் பிறந்துவிட்டால் அவர் மனைவி பெர்கித்தின் கைக்குக் கிடைக்காது. பல்துலக்கி, கோட்டின் உள்பொத்தான்கள், தூக்கப்பையில் தைத்திருந்த கம்பெனித் துணிச்சீட்டு என்று மலைக்குப் போகிற ஒவ்வொன்றும் அதில் ஏறி, கொஞ்சம் இளைத்துத்தான் இறங்கும்.

“அறுத்ததையெல்லாம் வயித்துல போட்டுக்கிட்டுத்தானே மலை ஏறப்போறே? அப்புறம் எங்க குறைஞ்சுது கனம்?” என்பார் பெர்கித்.

“வயித்துல இருக்கறது தோளை அறுக்காது.”

அறுபத்துமூன்று வயது. நீர்மின் நிலையத்துப் பட்டறையில் முப்பத்தைந்து வருஷம் கடைசல் பிடித்தவர். ஓய்வுபெற்ற பிறகு கார் கொட்டகையில் உட்கார்ந்து துப்பாக்கிகளின் உடம்பை இளைக்கவைக்கிறார். மரக்கட்டையை உள்ளே குடைவார், குழலைச் சீவுவார், இரும்புத் திருகாணியைக் கழற்றி லேசான உலோகத்தில் புதிதாகச் செய்து போடுவார். மூன்றரைக் கிலோவில் உள்ளே போனது இரண்டே கால் கிலோவில் வெளியே வரும். நாள் முழுக்கப் பாறையிலும் பாசியிலும் துருவமான் கூட்டத்தின் பின்னால் நடப்பவர்களுக்கு அந்த ஒன்றேகால் கிலோ பெரிய வரம். எங்கள் பள்ளத்தாக்கில் பாதித் தோள்களில் தொங்குவது அவர் கை பட்டதுதான்.

சுடுதளமும் அவர் பொறுப்பு. வேட்டைக்காலம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் நூறு மீட்டரில் ஐந்து குண்டுகளை வட்டத்துக்குள் போட்டுக் காட்ட வேண்டும். ஓட்வார் பின்னால் நின்று தொலைநோக்கியில் பார்ப்பார். லேசான துப்பாக்கி சுடுபவனைப் படுத்தி எடுக்கும். தோளில் கழுதை மாதிரி உதைக்கும், காற்றில் ஆடும். “கனத்த துப்பாக்கி தூங்கற கன்னுக்குட்டிப்பா, வச்ச இடத்துல கிடக்கும். இது உன் நெஞ்சு அடிக்கறதைக்கூட ஊருக்குச் சொல்லிடும்” என்பார். மூன்று குண்டு போனதும் மெல்லிய குழல் சூடேறி, நான்காவது எங்கேயோ போய்விடும். அதனால் மணிக்கட்டின் உள்பக்கத்தைக் குழலில் வைத்துப் பார்த்து, “போ, போய் வாஃபிள் தின்னுட்டு வா” என்று ஆளைத் துரத்திவிடுவார். “மலையில முதல் குண்டுதான் குண்டு. அஞ்சாவது வரைக்கும் எந்த மான் காத்துக்கிட்டு நிக்குது?”

சாக்குச் சொன்னால் மட்டும் பொறுக்காது. காற்று, கண்ணில் வெயில், கடிக்கிற புது பூட்ஸ் எதுவும் அவரிடம் செல்லாது. “துப்பாக்கி தப்பாது. ஆளுதான் தப்புவான்.” இதைக் கேட்டு எரிச்சல்படாதவர் எங்களில் யாருமில்லை. ஆனாலும் கட்டை இழைக்க அவரிடம்தான் போயாக வேண்டும், அதனால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தோம்.

முப்பது வருஷமாக அவரோடு மலை ஏறியவர் ஸ்டைனார். பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், மனைவியை இழந்தவர், வாய் திறக்கக் காசு கேட்கிற ரகம். இரண்டு பேரும் ஒரே குடிசையில் படுத்து, ஒரே கெட்டிலில் காப்பி காய்ச்சி, ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசிக்கொள்வார்கள். அதில் எட்டு ஓட்வாருடையது. போன வருஷம் ஸ்டைனாரின் துப்பாக்கியைத்தான் அவர் எல்லாவற்றையும்விட ஆசையாக இழைத்தார். குழலுக்கு அடியில் கை தாங்குகிற முன்கட்டையை வெளிச்சம் தெரிகிற அளவுக்குக் குடைந்துவிட்டதாகப் பெருமையடித்தார். மேசையில் மணல்மூட்டை மேல் வைத்துச் சுட்டு, குறிபார்க்கிற ஸ்கோப்பைச் சரிபார்த்துக் கொடுத்தவரும் அவரே.

அந்தச் செப்டம்பரில் ஸ்டைனார் நூற்றெண்பது மீட்டரில் ஒரு பெண்மானைச் சுட்டார். சாய்ந்த பாறையில் படுத்து, தோள்வாரைக் கையில் சுற்றி இறுக்கி, நிதானமாகத்தான் சுட்டார். குண்டு தோளுக்குப் பின்னால், நெஞ்சில் விழவில்லை, வயிற்றில் விழுந்தது. மான் விழுந்து, எழுந்து ஓடியது. மூடுபனி இறங்கியது. இரண்டு நாள் தேடினார்கள். பாசியில் அங்கங்கே கருத்த ரத்தம், அப்புறம் அதுவும் இல்லை. மூன்றாம் நாள் எதிர் மேட்டில் அண்டங்காக்கைகள் வட்டமிட்டன. போய்ப் பார்த்துவிட்டு வந்த ஸ்டைனார் அன்றைக்குக் காப்பி குடிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு சுடுதளத்தில் பத்துப் பதினைந்து பேர் இருந்தோம். ஓட்வார் அந்தத் துப்பாக்கியை மணல்மூட்டையில் வைத்து மூன்று குண்டு சுட்டார். தாளைக் கொண்டுவந்து எல்லாருக்கும் காட்டினார். மூன்று துளையையும் ஒரு கட்டைவிரலால் மூடிவிடலாம்.

“பாருங்க. துப்பாக்கிமேல ஒரு குத்தமும் இல்ல.”

ஸ்டைனார் தலையாட்டினார். “இருக்காதுடா. நீ செஞ்சதாச்சே. என் கைதான் ஏதோ பண்ணியிருக்கு. இது உன்கிட்டயே இருக்கட்டும்.”

அப்படித்தான் ஆரம்பித்தது. சுடும்போது தப்பிய கை பனிச்சாலையில் தப்பாதா என்ற எண்ணம் குளிர்காலம் முழுக்க அந்த மனுஷனைத் தின்றது. மருத்துவரிடம் போனார். நரம்பு நன்றாக இருக்கிறது, கண் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். அவர் நம்பவில்லை. சாப்பிடும்போது கரண்டியைப் பாதியில் நிறுத்தி, ஆடுகிறதா என்று பார்ப்பார். பின்னால் இருபத்திரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இறக்கத்தில் இறங்கப் பயமாக இருக்கிறது என்று கடையில் யாரிடமோ சொல்லியிருக்கிறார்.

ஜூன் முதல் வாரம் நல்ல மழை. சுடுதளத்து மேசை நனைந்து கிடந்ததால் ஓட்வார் கூரைக்கடியில் தரையில் படுத்தார். கையில் இருந்தது ஸ்டைனாரின் துப்பாக்கி. சும்மா கிடந்து துருவேறக் கூடாதென்று எடுத்துவந்தது. வாரைக் கையில் சுற்றி இறுக்கிக்கொண்டு மூன்று குண்டு சுட்டார். மூன்றும் நெருக்கமாகத்தான் விழுந்தன, ஆனால் நடுப்புள்ளிக்கு ஒரு சாண் இடப்பக்கம். காற்றே இல்லை. குழல் ஆறியபின் மறுபடி சுட்டார். மறுபடி அதே ஒரு சாண்.

முன்கட்டை அவ்வளவு மெலிந்திருந்தது. வார் மாட்டியிருந்ததும் அதில்தான்; வார் இழுத்த இழுப்பில் வளைந்து குழலைத் தொட்டது, தொட்டதும் குண்டு விலகியது. சுடுதளத்துத் தேர்விலும் எல்லாரும் மணல்மூட்டைமேல் வைத்துத்தான் சுடுவார்கள், அங்கே வாரை யாரும் இழுப்பதில்லை. மலையில் இழுக்காமல் யாரும் சுடுவதில்லை. முப்பத்தைந்து வருஷம் உலோகத்தை மில்லிமீட்டரில் அளந்த மனுஷனுக்கு இது தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து பெர்கித்திடம் மட்டும் சொன்னார்.

“சரி, அவர்கிட்ட எப்ப சொல்லப்போறே?”

“சொல்றேன். நேரம் பாத்து.”

“நேரம் என்ன நேரம்? அஞ்சு நிமிஷ நடை!”

அவர் போகவில்லை. கொட்டகைக்குப் போய், அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் உளிகளைத் தீட்டினார். இரண்டு வாரம் கழித்துக் கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடியது. இனி ஓட்டுவதில்லை என்று ஸ்டைனார் பேருந்துச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பெற்றோர்கள் சேர்ந்து அவருக்குக் கேக் வெட்டினார்கள். பிள்ளைகள் பேருந்தை வரைந்து ஆளுக்கொரு படம் கொடுத்தார்கள். ஓட்வாரும் போயிருந்தார். இரண்டு துண்டு கேக் சாப்பிட்டார், ஸ்டைனாரின் தோளைத் தட்டினார், வானிலையைப் பற்றிப் பேசினார். அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சாவி திரும்ப வந்திருக்கும். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. ஆனால் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால் நானும் இன்னொரு துண்டு கேக்தான் கேட்டிருப்பேனோ என்னவோ.

ஆகஸ்ட் நடுவில் ஒரு மத்தியானம், தூறலில், ஓட்வார் அந்தத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஸ்டைனார் வீட்டுக்குப் போனார். பெர்கித்தும் பின்னாலேயே போய் வேலி ஓரத்தில் நின்றுகொண்டார். வழியிலேயே திரும்பிவிடுவார் என்ற சந்தேகம்தான். அங்கே நடந்ததை எனக்குச் சொன்னவரும் அவரே.

ஸ்டைனார் கொட்டகை ஓரம் பிர்ச் விறகை அடுக்கிக்கொண்டிருந்தார். “என்ன, மழையில?” என்றார்.

ஓட்வார் தோட்டா இல்லாத துப்பாக்கியோடு ஈரப் புல்லில் அப்படியே படுத்தார். வாரைக் கையில் சுற்றி இறுக்கினார்.

“ஒரு தாள் இருந்தா எடு. குழலுக்கும் கட்டைக்கும் நடுவுல விட்டுப் பாரு.”

ஸ்டைனார் பையைத் துழாவிக் கடை ரசீது ஒன்றை எடுத்தார். மண்டியிட்டு நுழைத்தார். பாதி தூரம் போய் நின்றது. தள்ளினார். கசங்கியது, நகரவில்லை.

“இப்ப வாரைத் தளர்த்தறேன்.”

ரசீது வழுக்கிக்கொண்டு போனது.

“மறுபடி இழுக்கறேன், பாரு.”

நின்றது. ஸ்டைனார் இன்னும் இரண்டு முறை செய்து பார்த்தார். பிறகு மண்டியிட்டபடியே ரசீதின் கசங்கலை நீவினார். தூறல் இருவர் முதுகிலும் விழுந்துகொண்டிருந்தது.

“எப்பலேர்ந்து தெரியும்?”

“ஜூன் முதல் வாரம்.”

“கேக் சாப்பிட வந்தியே.”

ஓட்வார் வாரை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார்.

ஸ்டைனார் எழுந்தார். வலது கையை முன்னால் நீட்டி, விரல்களை விரித்து, வெகுநேரம் அதையே பார்த்தார். அது ஆடவில்லை. கையைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பெர்கித் வேலிக்கு இந்தப்புறமிருந்து, “போதும், எழுந்து வா” என்றார். இரண்டு தரம் கூப்பிட்டார். ஓட்வார் கன்னத்தைக் கட்டையில் வைத்து, சாத்திய கதவைப் பார்த்தபடி ஈரப் புல்லிலேயே கிடந்தார். இடதுகை விரல்கள் நீலம் பாரித்துவிட்டன. வாரை மட்டும் அவர் தளர்த்தவில்லை.