வெயில் விளக்கு

தெருவில் அவருக்குக் 'கூலிங்' என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எதிர்க்கடைக்காரரே உதட்டைப் பிதுக்குவார். ஃபிரிட்ஜ், ஏசி ரிப்பேர் செய்கிறவர். ஒருவர் உள்ளே நுழைந்தால் இன்னொருவர் வெளியே நிற்க வேண்டிய அளவுக்குத்தான் கடை. மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் கை சுத்தம். மற்ற மெக்கானிக்குகள் பின்பக்கத் தகட்டைக் கழற்றும்போதே "கம்ப்ரஸர் போச்சு" என்று ஆரம்பித்துவிடுவார்கள். இவர் தூசியை ஊதிவிட்டு, தளர்ந்துபோன ஒயரை இறுக்கிவிட்டு, தகட்டை மூடிவிட்டு எழுந்துவிடுவார்.

"எதுக்கும் புதுசு ஒண்ணு போட்டுடுங்களேன்" என்று வீட்டுக்காரர்களே கெஞ்சினாலும் கேட்க மாட்டார்.

"ஓடுதுல்ல? ஓடுறதை எதுக்கு மாத்தணும்? ஓடுற பார்ட்டைக் கழட்டுறதும் பிக்பாக்கெட் அடிக்கிறதும் ஒண்ணுதான் சார்" என்பார். இதை ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. பாவம், இந்த நல்ல குணம்தான் கடைசியில் அவர் தலையிலேயே கல்லைத் தூக்கிப் போட்டது.

அவருக்கு ஒரே மகள். பிடிவாதத்தில் அப்பனை உரித்து வைத்தவள். கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள் அட்டைப்பெட்டியில் இரண்டு பச்சைக் குஞ்சுகளைக் கொண்டுவந்தாள். வாட்டர் டிராகன் என்றாள்.

"ஓணானுக்கு இங்கிலீஷ்ல பேர் வெச்சா டிராகன் ஆயிடுமா?" என்று கேட்டார்.

ஆகத்தான் செய்தன. இரண்டே வருடத்தில் ஒவ்வொன்றும் கை நீளத்தைத் தாண்டி வளர்ந்தது. அதில் முக்கால்வாசி வால். கழுத்திலிருந்து முதுகு நெடுக முள் வரிசை. ஆணுக்கு எப்போதும் உச்சிக் கிளைதான். அங்கே உட்கார்ந்து யாரைப் பார்த்தாலும் தலையை மேலும் கீழும் ஆட்டும். அதனால் அது ஹெட்மாஸ்டர் ஆனது. பெட்டை அலட்டிக்கொள்ளாமல் ஓரக்கண்ணால் பார்க்கும். அது மேடம். அவர் கடையில் பழுதாகிக் கிடந்த, குளிர்பானம் வைக்கிற ஆளுயரக் கண்ணாடிக் கதவுப் பெட்டியைத்தான் மகள் கெஞ்சி வாங்கி அவற்றுக்கு வீடாக்கினாள். கீழே தண்ணீர்த் தொட்டி, மேலே கிளைகள், உச்சியில் இரண்டு விளக்குகள். ஒன்று சூட்டுக்கு. இன்னொன்று வெயிலுக்குப் பதில். அதை அவள் வெயில் விளக்கு என்பாள்.

"நான் ஜில்லுன்னு வைக்கிற பெட்டியை இவ அடுப்பாக்கிட்டா" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். மற்றபடி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

படிப்பு முடிந்ததும் வெளியூரில் ஒரு மிருகக்காட்சி சாலையில், பாம்பும் பல்லியும் ஆமையும் இருக்கிற பகுதியில் அவளுக்கு வேலை கிடைத்தது. சாப்பிட உட்கார்ந்தபோது அதைச் சொன்னாள். அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"இத்தனை படிக்க வெச்சது ஓணானுக்கு ஆயா வேலை பாக்கவா? போறதுன்னா போ. போனா அப்புறம் இந்தப் படி ஏறாதே."

கோபத்தில் சொன்னதுதான். மறுநாள் காலையில் அவரே அதை மென்று விழுங்கியிருப்பார். ஆனால் அவள் அவருடைய மகள் அல்லவா, காலைக்குள் மூட்டை கட்டிவிட்டாள். அங்கே அவளுக்குக் கிடைத்தது நாலு பெண்களோடு ஓர் அறை. பிராணிகளைக் கொண்டுபோக முடியாது. படியில் நின்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபடியே என்னென்ன செய்ய வேண்டும் என்று சொன்னாள். தனி வீடு கிடைத்ததும் வந்து இரண்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன் என்றாள். அவர் உள்ளே நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், அதாவது தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவர் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். தவிர, அவளுக்கு அந்த இரண்டையும் பார்த்தாலே குலை நடுங்கும். வேறு வழியில்லாமல் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. மகள் சொன்னதையெல்லாம் மனைவி ஒப்பித்தாள். வெட்டுக்கிளியை உயிரோடு போடணும், அதுக்கு முன்னால சுண்ணாம்புச் சத்துப் பொடியில பெரட்டணும், தினம் தண்ணி மாத்தணும், காலையிலயும் சாயங்காலமும் தண்ணி தெளிக்கணும்.

"அப்புறம், அந்த வெயில் விளக்கை ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மாத்தணுமாம். புதுசு ரெண்டு பரண்ல வெச்சிருக்காளாம்."

"ஃபியூஸ் போனாத்தானே மாத்தணும்?"

"எரிஞ்சாலும் மாத்தணுமாம்ங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "எரியிற பல்பை எவனாவது மாத்துவானா? விக்கிறவன் சொல்லியிருப்பான், இவ நம்பியிருக்கா. எத்தனை பேரைப் பாத்திருக்கேன்!"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முதல் வாரம் இடுக்கியால் தூரத்தில் நின்று இரை போட்டார். அவை எப்போதும் தண்ணீருக்குள்தான் அசிங்கம் செய்யும் என்பது தெரிந்ததும், "ஊர்ல உள்ள ஃபிரிட்ஜையெல்லாம் கழுவி முடிச்சு இப்ப உங்க கக்கூஸைக் கழுவ வந்திருக்கேன்" என்று திட்டிக்கொண்டே கழுவினார். ஒருநாள் ஹெட்மாஸ்டர் கண்ணாடியில் மூக்கைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அதற்குக் கண்ணாடி என்றால் என்னவென்று புரியவில்லை, வெளியே போக வழி இருக்கிறது என்று நினைக்கிறது. அன்று கடையைத் திறக்கவில்லை. கதவின் கீழ்ப்பாதியில் பச்சைத் துணியை ஒட்டினார். மூக்குப் புண்ணுக்கு மருந்து தடவினார். ஹெட்மாஸ்டர் அவர் விரலைக் கடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு நின்றது. அன்றோடு மனிதர் கவிழ்ந்தார்.

பிறகு அவர் செய்யாதது இல்லை. பழைய மோட்டாரைக் கழற்றித் தொட்டித் தண்ணீர் ஓடும்படி செய்தார். சூடு ஏறினால் தானாக அணைந்து, இறங்கினால் எரிகிற ஸ்விட்ச் ஒன்றைப் பொருத்தினார். சூட்டு விளக்கு அடிக்கடி ஃபியூஸ் போகும். போன கையோடு மாற்றிவிடுவார். வெயில் விளக்கு ஒரு தடவைகூட அணைந்ததில்லை. "கம்பெனி சரக்குன்னா இதுதான்" என்று அதற்குப் பாராட்டு வேறு. போதாததற்குப் பெட்டியைக் கூடத்து ஜன்னலோரம் நகர்த்தினார். சாத்திய கண்ணாடி வழியாக நிஜ வெயிலும் படட்டும் என்று.

மகள் அம்மாவுக்குத்தான் போன் செய்வாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து செருப்புக்குப் பாலிஷ் போடுவார். "மேடம் ரெண்டு நாளா கீழயே படுத்திருக்கான்னு சொல்லு" என்பார். அந்தப் பக்கத்திலிருந்து, "தண்ணி ஆறிப்போயிருக்கான்னு பாக்கச் சொல்லும்மா" என்று வரும். அப்பனும் மகளும் ஒரு வார்த்தை நேராகப் பேசவில்லை. ஆனால் அந்த இரண்டு ஜீவன்கள் மேல் ஏற்றி எல்லாவற்றையும் பேசிக்கொண்டார்கள். அவர் செருப்பு அந்த இரண்டு வருடமும் பளபளவென்று இருந்தது.

அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. என்றாவது அவளுக்கு வீடு கிடைக்கும். இரண்டையும் எடுத்துப்போக வந்துதான் ஆக வேண்டும். வரும்போது, விட்டுப்போனதைவிடக் கொழுகொழுவென்று இருப்பதைப் பார்த்து அவள் ஒரு வார்த்தை சொல்லுவாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்.

மேடம் முட்டையிட்டது. "தாத்தா ஆகப்போறீங்க" என்று மனைவி கிண்டல் செய்தாள். அவர் வெட்கப்பட்டார். முட்டைகள் ஓடு கெட்டியாகாமல் சப்பிப்போய்க் கிடந்தன, பொரியவில்லை. அதற்குப் பிறகு மேடம் கிளை ஏறவில்லை. விரல்கள் துடித்துக்கொண்டே இருந்தன.

"பிள்ளை பெத்த உடம்பு, அசதியா இருக்கும்" என்றார்.

"அவகிட்ட சொல்லட்டுமாங்க?"

"வேணாம். உசிரை வெச்சுப் பாத்துக்கிட்டிருக்கோம், பாக்கத் தெரியலன்னு நெனச்சுடுவா. நான் சரி பண்ணிடுறேன்."

நாயும் பூனையும் பார்க்கிற டாக்டரிடம் துண்டில் சுற்றி எடுத்துப்போனார். டாக்டர் அப்படி ஒன்றை அதுவரை கையால் தொட்டதில்லை. சத்துக் குறைவு என்று சொல்லி மருந்து எழுதினார். "வெளிச்சம், சூடெல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டார்.

"எல்லாம் ஜோரா எரியுது டாக்டர்" என்றார் அவர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

சொட்டு மருந்தை விடுவதற்காக மேடத்தின் வாயைத் திறந்தபோது தாடை ரப்பர் போல வளைந்தது. ஹெட்மாஸ்டரைப் பார்த்தார். அதன் முன்னங்கால்களும் லேசாக வெளிப்பக்கம் வளைந்திருந்தன. எப்போதிலிருந்து என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்த வாரம்தான் மகளுக்கு வீடு கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாள். மனைவி போனை வைத்துவிட்டு அழுதாள். அவர் மேடத்துக்கு வெட்டுக்கிளியை நசுக்கி விரலால் ஊட்டினார். கடைக்குப் போகவில்லை, குளிக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை வரைக்கும் இரும்மா, அவ வந்துடுவா" என்று அதன் காதருகில் சொல்லிக்கொண்டே இருந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் உள்ளங்கையில், தலையைக் கட்டைவிரல் மேல் வைத்தபடி, அது செத்துப்போனது. அதற்குப் பிறகும் ரொம்ப நேரம் அவர் கையை அசைக்கவில்லை.

மகள் வந்தபோது அவர் படியிலேயே நின்றிருந்தார். தான் ஏறக்கூடாது என்று சொன்ன படி. அவள் ஏறி வந்தாள். இளைத்திருந்தாள்.

"மேடம் போயிட்டாம்மா" என்றார். இரண்டு வருடம் கழித்து மகளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

அவள் நேராக உள்ளே போனாள். பெட்டியைத் திறந்து ஹெட்மாஸ்டரை எடுத்து மார்பில் சாய்த்துக்கொண்டாள். தாடைக்கு அடியில் விரலை வைத்து லேசாக அழுத்தினாள். கால்களைத் தடவினாள். பிறகு அண்ணாந்து பார்த்தாள்.

"அப்பா, வெயில் விளக்கு எப்ப மாத்துனீங்க?"

அவர் முகம் மலர்ந்தது. இத்தனை துக்கத்திலும் மகளிடம் காட்டுவதற்கு ஒன்று இருந்ததே என்று ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறினார். இரண்டு பெட்டிகளையும் தூசி தட்டி எடுத்துவந்து அவள் முன் நீட்டினார். ஒட்டிய காகிதம்கூடக் கிழியவில்லை.

"ஒண்ணைக்கூட வீணாக்கலம்மா. நீ வெச்ச விளக்கு இன்னும் எரியுது பாரு. இது ரெண்டும் புத்தம் புதுசு, உன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போ."

அவள் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

"வெளிச்சம் வரும்ப்பா" என்றாள் மெல்ல. "ஆனா அதுல இருக்கிற வெயில் தீர்ந்துபோயிடும். அது நம்ம கண்ணுக்குத் தெரியாது. வெயில் இல்லேன்னா எத்தனை பொடி போட்டாலும் எலும்புல சேராது."

"ஜன்னல் வெயில்..."

"கண்ணாடி அதைத் தடுத்துடும்ப்பா."

மருந்துக்கடைக்காரியான மனைவி வாசற்படியில் நின்றபடி, "தேதி முடிஞ்ச மாத்திரை மாதிரியா?" என்று கேட்டாள். மகள் தலையாட்டினாள். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் இடிந்துபோய் ஸ்டூலில் உட்கார்ந்தார். பெட்டிகள் மடியில் கிடந்தன. "இது ரெண்டும் ரெண்டு வருஷமா என் தலைக்கு மேலயே இருந்திருக்கு" என்றார்.

அவள் அன்றைக்கே கிளம்பினாள். ஹெட்மாஸ்டரை உடனே தன் மிருகக்காட்சி சாலை டாக்டரிடம் காட்ட வேண்டும். ஈரத்துண்டு விரித்த கூடையில் வைத்தபோது அது அவரைப் பார்த்துத் தலையை ஆட்டியது. பழக்கத்தில் ஆட்டியிருக்கும். அவரால் அதைப் பார்க்க முடியவில்லை.

"பொழைச்சுக்குமா?" என்று கேட்டார்.

"தெரியலப்பா. கால் நேராகாது. பொழைக்கலாம்." படியிறங்கியவள் பாதியில் நின்று திரும்பினாள். "அன்னைக்கு உங்ககிட்டயே நேரா சொல்லியிருக்கணும். அம்மாகிட்ட சொல்லிட்டுப் போயிட்டேன். நான் சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

கேட்டிருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தார். தன்னைப் பற்றி அவருக்குத் தெரியும். பொய் வரவில்லை.

"சரிப்பா. கிளம்பறேன்."

கூடையை அணைத்தபடி தெருமுனையில் திரும்பி மறைந்தாள். இனி இந்த வீட்டில் அவள் வந்து எடுத்துப்போக எதுவும் இல்லை. அது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒரு விளக்கை அவள் கொண்டுபோயிருந்தாள். இன்னொன்று மேஜைமேல் கிடந்தது. அவர் எழுந்து காலிப்பெட்டியின் பழைய விளக்கைப் போட்டுப் பார்த்தார். எரிந்தது. அதைக் கழற்றிவிட்டுப் புதியதை உறை பிரித்து மாட்டிப் போட்டார். எரிந்தது. மறுபடி பழையது, மறுபடி புதியது.

"இங்க வா" என்று மனைவியைக் கூப்பிட்டார். "உனக்கு ஏதாவது வித்தியாசம் தெரியுதா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். "இல்லைங்க."

"எனக்கும் தெரியல" என்றார். கழற்றிய பழைய விளக்கு அவர் கையில் இன்னும் சூடாக இருந்தது. அதைக் கீழே வைக்காமல், காலியாக எரிந்துகொண்டிருந்த பெட்டியின் முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.