கால் படாத மூலை

போன வருடம் மாசி மாதம். கந்தப்பளைக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பனி விழுந்து கொழுந்தெல்லாம் கருகிக் கிடந்த நேரம். மழையைக் கண்டு பல நாளாகியிருந்தது. என் மனைவி எங்களை விட்டுப் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு, ஏழு பேர்ச் காணியில் கட்டிய தனி வீட்டுக்கு நாங்கள் வந்து சில வருடங்கள்தான். மகன் ஒரு பழைய மின்சாரக் கார் வைத்திருக்கிறான். காலையில் தோட்டத்துப் பிள்ளைகளை நுவரெலியா பள்ளிக்கூடங்களுக்கு ஏற்றிப் போவான், பிறகு ஆட்களை ஏற்றி வாடகைக்கு ஹயர் ஓடுவான். அதுதான் எங்கள் சோறு. பொழுது சாய்ந்ததும் சுவரில் இருக்கிற சார்ஜ் பெட்டியின் வயரைக் காரில் மாட்டிவிட்டால், விடியும்போது வண்டி தயார். என் மனைவிக்கு இது பெரிய வேடிக்கை. "மாட்டுக்குப் புல்லு போட்டியாடா?" என்று தினமும் அவனைக் கேட்பாள்.

தைப்பூசத்துக்கு முந்திய வாரம் நெஞ்சு வலிக்கிறது என்றவளை அந்தக் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். திரும்பிக் கூட்டி வரக் கடவுள் விடவில்லை.

கருமாதி முடிந்த மறுவாரம் கார் வீட்டில் சார்ஜ் ஏற மறுத்தது. பெட்டியில் பச்சை விளக்குக்குப் பதிலாகச் சிவப்பு. மகன் வயரைக் கழற்றி மாட்டிப் பார்த்தான், மெயின் சுவிட்சைப் போட்டு எடுத்துப் பார்த்தான். எதற்கும் அசையவில்லை. ஆனால் டவுனில் சார்ஜ் போடுகிற இடத்தில் நன்றாக ஏறியது. கார் நல்லாத்தான் இருக்கிறது, கோளாறு நம் வீட்டில்தான் என்றான். அங்கே போய் வரிசையில் காத்திருந்து வருவதற்குள் பிள்ளைகளின் பள்ளிக்கூட நேரம் தவறியது. இரண்டு மூன்று வீட்டார் வேறு வேன் பிடித்துவிட்டார்கள்.

பக்கத்து வீட்டுக்காரி எனக்குத் தங்கச்சி முறை. நல்ல மனசோடுதான் சொன்னாள்: "அண்ணே, அண்ணி கடைசியா ஏறுன வண்டி. அவங்க மனசு இன்னும் அதுலயே நிக்குது. ஒரு பூசை வச்சிருங்க."

மகனுக்குச் சுருக்கென்றது. "எங்கம்மா எம் பொழப்பக் கெடுக்குமா அத்தை?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டான். ஆனாலும் தங்கச்சி சொன்னது எனக்குள் உட்கார்ந்துவிட்டது. என் மனைவிக்கு ஏதும் மனக்குறை இருந்தால் எனக்குக் காட்டிக்கொடு முருகா என்று வேண்டிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து மகன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "அப்பா, இங்க இருந்து தொழில் செய்ய ஏலாது. டவுன்ல வாடகைக்கு ஒரு வீடு பாத்திருக்கேன். போயிருவோம்."

என் மனைவி தன் தலையில் மண்ணும் கல்லும் சுமந்து கட்டிய வீடு. முடியாது என்று சொல்லவும் வழியில்லை. வீட்டுக்கு வயரிங் செய்த மின்சார வேலைக்காரரை, பாஸைக் கூப்பிட்டு ஒரு தடவை காட்டிவிட்டு முடிவு செய்வோம் என்று மட்டும் கேட்டேன்.

அவர் டவுனில் இருக்கிற சிங்களவர். உள்ளே எல்லாம் சோதித்துவிட்டு, எர்த் சரியில்லை என்றார். கரண்ட் ஒழுகினால் மண்ணுக்குள் இறங்கிவிட ஒரு கம்பியை நிலத்தில் அடித்திருப்பார்கள். அந்தக் கம்பிக்கு ஈர மண்ணோடு தொடுப்பு இல்லை என்று தெரிந்தால், ஆபத்து வரக்கூடாது என்று பெட்டியே சார்ஜை நிறுத்திவிடுமாம்.

வீட்டுக்குப் பின்னால், யார் காலும் படாத மூலையில் அவரே அடித்த கம்பி அது. அடியில் பாறை என்பதால் ஆழம் போகவில்லை. சுற்றிலும் மண் காய்ந்து வெடித்துக் கிடந்தது. அவர் குந்தி உட்கார்ந்து மண்ணைக் கிளறினார். காய்ந்த செவ்வரத்தம்பூ இதழும் சந்தனமும் கையில் வந்தது.

"ஐயா, இங்க யாரு டெய்லி தண்ணி போட்டது?" என்று கேட்டார்.

தினமும் விடியக்காலையில் என் மனைவி குளித்துவிட்டு, சாமி அறையில் இருக்கிற சின்னப் பித்தளை முருகனைக் குளிப்பாட்டுவாள். அந்தத் தண்ணீரை யாரும் மிதிக்கக் கூடாது என்று இந்த மூலையில் கொண்டுவந்து ஊற்றுவாள். அவள் போன அன்று தீட்டு என்று அறையைச் சாத்தினோம். கருமாதிக்குப் பிறகு திறந்திருக்கலாம். அவள் இல்லாமல் உள்ளே போக எனக்கு மனம் வரவில்லை. மழையும் இல்லாமல், இத்தனை நாளாக அந்த மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை.

"அம்மாதான் பாஸ்," என்றான் மகன்.

அவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு ஒரு வாளி தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

நான் வாளியைத் தூக்கவில்லை. உள்ளே போய்ச் சாமி அறையைத் திறந்தேன். முருகனைக் குளிப்பாட்டி, அந்தத் தண்ணீரை முதலில் கொண்டுவந்து ஊற்றினேன். பிறகு மகன் வாளி வாளியாக ஊற்றினான். பாஸ் ஒரு பிளேன்டீ குடித்து முடித்துவிட்டுப் பெட்டியைப் போட்டார். பச்சை விளக்கு எரிந்தது.

இது இன்றைக்கு மட்டும்தான், தண்ணீரை நம்பக்கூடாது என்று சொல்லி, மறுநாள் வந்து சரிவுக்குக் கீழே ஈரமான மண்ணில் நீளமான கம்பி ஒன்றை அடித்துத் தந்தார். வீடு மாறுகிற பேச்சு அதோடு நின்றது.

பச்சை விளக்கு எரிந்த அன்று, பாஸ் போன பிறகு மகன் அந்த மூலையிலேயே நின்றான். "மாட்டுக்குப் புல்லு போட்டாச்சும்மா," என்றான். தாய்க்குக் கொள்ளி வைத்தபோதுகூட அழாத பிள்ளை, அங்கே உட்கார்ந்து அழுதான்.

புதுக் கம்பிக்கு யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. ஆனாலும் மழை கொட்டுகிற நாளிலும் முருகனைக் குளிப்பாட்டி அந்தப் பழைய மூலையில்தான் ஊற்றுகிறேன்; எங்கள் வீட்டில் இன்னும் எதையெல்லாம் அவள் தனக்கே தெரியாமல் தாங்கிக்கொண்டிருந்தாளோ என்று ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொள்கிறேன்.