கூழ்ப்பானை மேல் டச்சுத் தட்டு

மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தின் ஷாஃப்ட் வாசலில், உள்ளே இறங்கும் எங்களுக்கு ஒரு அம்மா கூழ் விற்றாள். ஒல்லி உடம்பு, உரத்த குரல். ஒரு காலத்தில் டச்சுக்காரர் இருந்த பழவேற்காட்டில் தாய் கொடுத்த நீலப்பூத் தட்டால்தான் பானையை மூடுவாள். எடுக்கும்போதெல்லாம் முந்தானையால் துடைப்பாள்.

துரை பங்களாக்களுக்குப் பழைய சாமான் விற்கும் வியாபாரி அதைப் பார்த்தார்.

"பழைய டச்சுத் தட்டுன்னா பூச்சுக்கு உள்ளே மஞ்ச மண்ணு இருக்கும். இது புதுசு, போலி. வந்த விலைக்குக் குடுத்துடும்மா."

"எங்கம்மா குடுத்தது போலியா? உள்ளே போயி பாத்துட்டு வந்தீங்களா?"

தட்டின் விளிம்பைக் கல்லில் மோதினாள். சில்லு தெறித்தது. உள்ளே மஞ்சள் மண்.

"சரி, இன்னா வேணும், கேளும்மா" என்றார் வியாபாரி.

"விக்கறேன்னு யார் சொன்னா? போங்க."

விற்காத தட்டை ஏன் உடைத்தாளோ, எனக்கு விளங்கவில்லை. மறுநாளும் அதே தட்டுதான் பானை மேல் இருந்தது. உடைந்த பக்கத்து மஞ்சள் மண் எங்களுக்குத் தெரியும்படி வைத்திருந்தாள்.