தினம் ஒரு பாயின்ட்

என் அக்காவை அந்தத் தெருவில் எல்லோரும் ஸ்டிக்கர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டி நம்பர், கடைக் கண்ணாடியில் ஒட்டும் எழுத்து, பள்ளி வேனின் பின்பக்க எச்சரிக்கை, எதுவானாலும் அவளிடம்தான் வருவார்கள். நான் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன். ஊரார் கம்ப்யூட்டரையெல்லாம் சரிசெய்து கொடுத்துவிட்டு, சொந்த அக்காவின் கடையில் நான் பண்ணிவைத்த காரியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இனியும் மூடி வைக்க முடியவில்லை.

கடை மாமா ஆரம்பித்தது. மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். பத்தடிக்கு எட்டடி அறை. ஒரு மூலையில் கம்ப்யூட்டர், அதை ஒட்டி ஸ்டிக்கர் ஷீட்டை வெட்டும் கட்டர், எதிரே நீளமான கண்ணாடி மேசை. மாமா கம்ப்யூட்டரில் எழுத்தை வரைந்து அனுப்புவார், கட்டர் கிர்கிர் என்று வெட்டித் தள்ளும், அக்கா மேசையில் குனிந்து எழுத்தைச் சுற்றியிருக்கும் வேண்டாத பகுதியை பிளேடு நுனியால் உரித்தெடுப்பாள். அந்த வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. கடுகு அளவு புள்ளியைக்கூடக் கிழியாமல் எடுத்துவிடுவாள். கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டாள்.

இரண்டு பேரும் வாயாடிக்கொண்டே வேலை செய்வார்கள். அந்தச் சத்தம் தெருமுனை வரை கேட்கும். ஒருமுறை உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கு அவசரமாகக் கிளம்பிவந்த அக்காவின் முதுகில், 'தள்ளி நிற்கவும்' என்று சிவப்பு எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. பந்தி முடியும் வரை யாரும் சொல்லவில்லை. கூடவே வந்த மாமாவும் வாயைத் திறக்கவில்லை. அக்கா சண்டைக்குப் போனாள்.

"பார்த்துட்டு சும்மாவா இருந்தீங்க?"

"பதினாறு வருஷமா நான் கடைப்பிடிக்கிறதுதானே, ஊரும் தெரிஞ்சுக்கட்டுமேன்னு விட்டுட்டேன்" என்றார் மாமா. அதற்கப்புறம் இரண்டு நாள் அவர் மேல் பேச்சு மழைதான். அதையும் ரசித்துக் கேட்ட மனுஷன் அவர்.

அந்தக் கம்ப்யூட்டருக்கும் கட்டருக்கும் எப்போதும் ஒத்துப்போகாது. புதிதாக ஏதாவது ஒன்றை உள்ளே போட்டால் போதும், இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மாமா உடனே எனக்குப் போன் போடுவார். அலுத்துப்போய் ஒருநாள் நான் அவருக்கு ரெஸ்டோர் பாயின்ட் போடக் கற்றுக்கொடுத்தேன். கம்ப்யூட்டர் இன்றைக்கு எப்படி ஓடுகிறதோ அந்த அமைப்பைக் குறித்து வைத்துக்கொள்கிற ஏற்பாடு அது. நாளைக்கு ஏதாவது கெட்டுப்போனால் குறித்து வைத்த தேதிக்குத் திரும்பிவிடலாம். ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் அடையாளமாக ஒரு பெயர் கேட்கும். மற்றவர்கள் ஒன்று, இரண்டு என்று எதையாவது தட்டிவிட்டுப் போவார்கள். மாமா யோசித்து யோசித்து வைப்பார்.

'மாப்ள கை வைக்கிறதுக்கு முன்னாடி' என்று ஒன்று இருந்தது. நான் பழுது பார்த்துவிட்டுப் போன பிறகு, 'மாப்ள கை வச்சும் ஓடுது, ஆச்சரியம்' என்று ஒன்று. 'மேனேஜர் கோபத்துல இருக்கா' என்று வாரத்துக்கு ஒன்றாவது இருக்கும். மேனேஜர் என்றால் அக்கா. 'மழை. ஒரு ஆளும் வரல. ரெண்டு டீ.' 'பொண்ணுக்குக் கண்ணாடி போட்டாச்சு. அழகாத்தான் இருக்கா.'

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். "மாமா, இது என்ன டைரியா?" என்பேன்.

"பேர் வைக்கச் சொல்லிக் கேக்குது மாப்ள. கேட்டா வைக்க வேணாமா?" என்பார்.

அப்போதெல்லாம் சலித்துக்கொள்வேன். இப்போது அந்த வரிகளில் ஒன்றை அவர் குரலில் கேட்க மாட்டோமா என்று இருக்கிறது.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்குள் மாமா நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. ஒரு மாதம் கழித்து அக்கா தனியாகக் கடையைத் திறந்தாள். கம்ப்யூட்டரைத் தொடவே மாட்டேன் என்றவள், அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுத்தை வரைந்து, எழுந்துவந்து உரித்து, மறுபடியும் போய் உட்கார்ந்து என்று இரண்டு பேர் வேலையையும் ஒருத்தியாகச் செய்தாள். கட்டர் முறுக்கிக்கொண்டால் என்னைக் கூப்பிடுவாள். மூன்று மாதம் பார்த்தேன். நான்காவது மாதம் என் புத்தியைக் காட்டிவிட்டேன்.

"அக்கா, சும்மா சும்மா என்னைக் கூப்பிடாதே. எனக்கும் வேலை இருக்கு. தினமும் கடை திறந்ததும் ஒரு பாயின்ட் போட்டு வை. ஏதாவதுன்னா முந்தின நாளுக்குப் போயிடு, சரியாயிடும்."

"சரிடா" என்றாள். அதற்குப் பிறகு போன் வரவில்லை. என் யோசனை பலித்துவிட்டது என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

போன மாதம் பழைய கட்டரின் மோட்டார் ஒரேயடியாகப் போய்விட்டது. புதுக் கட்டர் வாங்கியாயிற்று, அதை கம்ப்யூட்டரோடு சேர்க்க வேண்டும் என்று கூப்பிட்டாள். பதினொரு மணிக்குப் பள்ளி வேன்காரர் வருவதாக இருந்தது. ஒன்பதரைக்கே போய் மாமா நாற்காலியில் உட்கார்ந்தேன். வேலையைத் தொடங்கும் முன் பாயின்ட் பட்டியலைத் திறந்தேன். திரையில் தெரிந்தவரை, 'கடை திறந்தாச்சு', 'கடை திறந்தாச்சு', 'கடை திறந்தாச்சு' என்று தேதி தேதியாக அக்கா போட்டது மட்டும்தான் இருந்தது. மாமா எழுதியவை எதுவும் கண்ணில் படவில்லை.

"அக்கா, மாமா போட்டதெல்லாம் எங்கே?"

அவள் பிளேடைக் கீழே வைத்தாள். "நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். கீழே இருந்து ஒண்ணொண்ணாக் காணாமப் போகுது. வைரஸ் ஏதாவது புகுந்துடுச்சாடா?"

"எப்ப இருந்து?"

"ஆறேழு மாசமா."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சும்மா சும்மா கூப்பிடாதேன்னு சொன்னியே."

எனக்குச் சுருக்கென்றது. அவள் குத்திக்காட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். தப்பு செய்தவனுக்கு அதுதான் தாங்க முடியாதது.

"வைரஸ் இல்லக்கா" என்றேன். "இது பெஞ்ச் மாதிரி. டிஸ்க்ல இதுக்குன்னு ஒதுக்கின இடம் கொஞ்சம்தான். இத்தனை பேர்தான் உட்காரலாம். புதுசா ஒருத்தர் வந்து உட்கார்ந்தா, ரொம்ப நாளா உட்கார்ந்திருக்கிறவரை அது எழுப்பி அனுப்பிடும். நம்மளைக் கேக்காது."

அக்கா எழுந்து என் பின்னால் வந்து நின்று பட்டியலைப் பார்த்தாள்.

"அப்ப நான் தினமும் ஒண்ணு போட்டுப் போட்டு, அவர் எழுதினதை எழுப்பி அனுப்பியிருக்கேன்."

"நான் சொல்லித்தானேக்கா போட்டே. தப்பு என் மேல."

"இல்லடா. நீ சொன்னதுக்காக மட்டும் போடல. காலையில வந்து புதுசு ஒண்ணு போடுவேன். அந்தச் சாக்குல லிஸ்ட்டைத் திறந்து அவர் எழுதினதையெல்லாம் ஒரு தடவை படிப்பேன். படிச்சா அன்னிக்கு முழுக்க வேலை ஓடும். ஒரு நாள்கூட விட்டதில்ல. பார்க்கப் போய்ப் போய் நானே தீர்த்துட்டேன் பாரு."

மவுஸை உருட்டிப் பட்டியலின் அடிமட்டத்துக்குப் போனேன். அங்கே ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. மாமா இறப்பதற்கு எட்டு நாள் முந்தைய தேதி. நான் அதுவரை பார்த்திராத வரி:

'இதை மேனேஜரே போட்டா. நான் பக்கத்துல சும்மா உட்கார்ந்திருந்தேன்.'

"அன்னிக்குத்தான் பிடிவாதமா என்னை இந்த நாற்காலியில உட்கார வச்சார்" என்றாள் அக்கா. "எல்லாத்தையும் நானே அமுக்கினேன். பேர் மட்டும் நான் எழுதறேன்னு எட்டி வந்து அடிச்சார்."

அப்போது என் நிலைமை இதுதான். புதுக் கட்டருக்கான சாஃப்ட்வேரை ஏற்ற நான் பொத்தானை அமுக்கினால், கம்ப்யூட்டர் முன்ஜாக்கிரதையாகத் தானே ஒரு பாயின்ட் போட்டுக்கொள்ளும். ஒதுக்கிய இடம் ஏற்கெனவே விளிம்பு வரை நிறைந்திருந்தது; கூட்டிக்கொடுக்க அந்தப் பழைய டிஸ்க்கில் வேறு இடமும் இல்லை. ஒன்று உள்ளே வந்தால் கடைசியில் இருப்பது போயே தீரும். ஏற்றாவிட்டால் புதுக் கட்டர் வெறும் இரும்பு.

"இந்த டிஸ்க்கை அப்படியே கழட்டி பத்திரமா வச்சிடறேன்க்கா. வேற டிஸ்க் வாங்கிப் போட்டு, முதல்ல இருந்து எல்லாத்தையும் ஏத்தறேன். ஒரு வாரம் கடையை மூடு" என்றேன்.

"கழட்டி?"

"வீட்ல பீரோவுல வச்சுக்கோ."

"பீரோவுல வச்சு நான் எதைப் படிக்கிறது?"

"சரி, ஃபோட்டோவாவது எடுத்துக்கறேன்."

"அவர் ஃபோட்டோ வீட்ல இருக்கு. எழுந்திரு."

எழுந்தேன். அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அந்த வரியை ஒருதரம் உதடு அசையப் படித்தாள். பிறகு பட்டியலை மூடினாள்.

"எதை அமுக்கணும்?"

"அக்கா, இன்னொரு தடவை யோசிச்சுப் பாரு."

"வேன்ல குழந்தைங்க போகுதுடா. பின்னாடி வர்றவனுக்கு எழுத்து தெரியணும். எதை அமுக்கணும், சொல்லு."

காட்டினேன். அமுக்கினாள். கம்ப்யூட்டர் இரண்டு நிமிடம் தனக்குள் முனகிக்கொண்டு பாயின்ட்டைப் போட்டது, பிறகு சாஃப்ட்வேரை ஏற்றிக்கொண்டது. புதுக் கட்டர் ஒருமுறை இடவலமாக ஓடிப் பார்த்துக்கொண்டு நின்றது. அக்கா பட்டியலைத் திறந்து கீழே போய்ப் பார்க்கவில்லை. நேராக வேன் எழுத்தைத் திரையில் கொண்டுவந்தாள். அளவைச் சரிபார்த்தாள், ஷீட்டை மாட்டினாள், வெட்டினாள். அவள் கை எந்த இடத்திலும் தயங்கவில்லை. அடுத்து என்ன என்று என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குத்தான் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

வெட்டிய ஷீட்டை மேசையில் விரித்து, பிளேடை எடுத்து முதல் எழுத்தை உரிக்கத் தொடங்கினாள். பதினொரு மணி ஆகும்வரை நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.