முப்பது இஞ்ச் பேஸ்

பேஸ் கித்தார் வாசிக்கிறேன் என்று சொன்னால் எங்கள் ஊரில் அடுத்து வருகிற கேள்வி, "அப்போ கித்தார் வரலையா?" என்பதுதான். கித்தார் கற்கப் போய், முடியாமல், ஆறு கம்பியை நான்காகக் குறைத்துக்கொண்டவள் என்று நினைப்பு. பத்துப் பதினோரு வருடமாக இந்தக் கேள்விக்குப் பல்லைக் காட்டிச் சிரித்திருக்கிறேன். இனிமேல் சிரிப்பதாக இல்லை.

போர்ட் பிளேரில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை எனக்கு. எங்கள் வாத்தியக் குழுவில் நான்கு பேர். குழுவைத் தொடங்கி லீட் கித்தார் வாசிப்பவர் ஒரு கட்டட கான்ட்ராக்டர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதனால் அண்ணன். கீபோர்டு வாசித்துக்கொண்டே பாடுகிறவர் ஒரு மலையாளி டீச்சர். டிரம்ஸ்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற தெலுங்குக்காரர். ஞாயிறு மதியங்களில் விமான நிலையம் பக்கம் பத்துபஸ்தியில் அண்ணனின் சிமென்ட் கோடவுனில் பயிற்சி. விமானம் இறங்கும்போது பாட்டை நிறுத்திவிட்டு, அது போனதும் விட்ட இடத்தில் பிடிப்போம். கல்யாணம், கோயில் திருவிழா, பொங்கல் விழா என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவோம்.

நான் பேஸ் பழகியது எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில். அங்கே யாரோ விட்டுப்போன ஒரு குட்டி பேஸ் கிடந்தது. ஒருநாள் பாட்டு நடக்கும்போது சும்மா அதன் தடித்த கம்பியைத் தட்டிப் பார்த்தேன். நான் உட்கார்ந்திருந்த பெஞ்சு அதிர்ந்தது. அன்றைக்கே என் கதை முடிந்தது. பிறகு ஒன்பது வருடம் அதைத்தான் வாசித்தேன். தீவின் ஈரத்துக்கு எந்த மரம் தாங்கும்? அதன் கழுத்து கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து, ஒரு மழைக்காலத்தோடு வாசிக்க லாயக்கில்லாமல் போனது. தூக்கிப் போடுவதற்கு முன் தையல் டேப்பை வைத்து அளந்தேன். கம்பி கட்டியிருக்கும் நீளம் முப்பது இஞ்ச். கடையில் பரவலாகக் கிடைக்கிற பேஸ் முப்பத்து நான்கு. நான்கு இஞ்ச்தானே என்பவர்கள் தயவுசெய்து என் கையைப் பார்க்கவும். வளையல் கடையில் எனக்குச் சின்னப் பிள்ளைகள் அளவைத்தான் எடுத்துப் போடுவார்கள்.

வாத்தியம் வாங்குவதென்றால் எல்லோரும் நிறம் பார்க்கிறார்கள், மினுமினுப்பு பார்க்கிறார்கள். அதை வாசிக்கப் போகிற கையை யாரும் பார்ப்பதில்லை. இங்கே கடையில் இருந்ததெல்லாம் நீளமானவை. ஆன்லைனில் தேடினால், கடைசிப் பக்கம் வரை கூட்டிக்கொண்டு போய், இந்த பின்கோடுக்கு அனுப்ப இயலாது என்று கைவிரிப்பார்கள். இந்தியாவில்தானே இருக்கிறோம் என்று அந்தத் திரையைப் பார்த்து எத்தனை முறை கத்தியிருப்பேன்!

அப்புறம் இருக்கவே இருக்கிறது லிஸ்ட். யாராவது கடல் தாண்டி மெயின்லேண்ட் போகிறார்கள் என்று தெரிந்தால் அக்கம்பக்கம் முழுக்க லிஸ்ட் கொடுக்கும். மிக்ஸி ஜாரிலிருந்து கல்யாணப் பட்டு வரைக்கும் அதில் இருக்கும். செருப்பு என்றால் காகிதத்தின் மேல் நின்று, பென்சிலால் காலைச் சுற்றி வரைந்து கொடுப்போம். கடைக்காரர் அதன் மேல் செருப்பை வைத்துப் பார்த்துத் தருவார். இதற்கெல்லாம் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. கொண்டு வந்தவரைக் குறை சொல்லக் கூடாது. மூன்று நாள் கப்பலில் உன் சாமானைக் கட்டிக் காத்து வந்திருக்கிறார். நிறம் மாறினாலும் அளவு மாறினாலும் "ரொம்ப நல்லாருக்கு" என்றுதான் சொல்ல வேண்டும். பிடிக்காததை அலமாரியில் போட்டு மூடிவிட்டு அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும்.

அண்ணன் சென்னைக்குக் கிளம்பியபோது பணத்தோடு என் லிஸ்டையும் கொடுத்தேன். முப்பது இஞ்ச், நான்கு கம்பி, நிறம் எதுவானாலும் சரி. அதற்கும் கீழே, செருப்புக்குச் செய்வதைப் போலவே, என் இடது கையை விரித்து வைத்துச் சுற்றி வரைந்திருந்தேன். இதைக் காட்டினால் கடைக்காரருக்குப் புரிந்துவிடும் என்று நினைத்தேன். கையை வரைந்து கொடுப்பது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. வழியில் வேறு யாரும் பார்க்க வேண்டாம் என்று நான்காக மடித்து, ஆபீஸ் ஸ்டேப்ளரால் ஒரு பின் அடித்தேன்.

மூன்று வாரம் கழித்து அண்ணன் வந்தார். கோடவுனில் எல்லோருக்கும் முன்னால் பையைத் திறந்தார். ஐந்து கம்பி. முப்பத்து நான்கு இஞ்ச். தூக்கித் தோளில் மாட்டினால் ஒரு பக்கமாகச் சாய வைக்கிற கனம். சிவப்பாக மின்னியது. நான் லிஸ்டில் சின்னது என்றல்லவா எழுதியிருந்தேன் என்று இழுத்தேன்.

"பார்த்தேன்மா. பார்த்துட்டு நல்லா யோசிச்சுத்தான் வாங்கினேன். அது சோட்டா சாமான், பச்சா லோக், சின்னப் பசங்க வாசிக்கிறது. ஸ்டேஜ்னா ஒரு கெத்து வேணும்ல. மத்லப், அதாவது தூரத்துலேந்து பார்க்கிறவனுக்குத் தெரியணும்."

"ரொம்ப நல்லாருக்குண்ணே" என்றேன் நான்.

அந்த ஒரு வார்த்தைக்காக அண்ணன் மேல் வந்த கோபத்தைவிட என் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? அலுவலகத்தில் ஒரு கோப்பு தப்பான மேஜைக்குப் போனாலே எழுந்து நின்று கேட்கிறவள் நான். அன்றைக்குக் கேட்கவில்லை. கப்பலில் கொண்டு வந்திருக்கிறார்!

ஒன்றரை வருடம் அதை வாசித்தேன். கழுத்தின் குறுக்கே வரிசையாகப் பதித்த கட்டுகளில் முதலாவதில் ஆள்காட்டி விரலை வைத்தால் சுண்டுவிரல் நான்காவது கட்டுக்கு எட்டாது. எட்ட வைக்க மணிக்கட்டை முறுக்கினேன். நான்கு மாதத்தில் தோசைக்கல்லை இடது கையால் தூக்க முடியவில்லை. டாக்டர் எலும்பில் ஒன்றுமில்லை, கைக்கு ஓய்வு கொடுங்கள் என்றார். எட்டாத சுரங்களை விட்டுவிட்டு எட்டியதை மட்டும் வாசிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் அண்ணன் ஒருநாள் சொன்னார், "இப்பல்லாம் பேஸே கேக்க மாட்டேங்குதேம்மா." டீச்சர் இடது கையால் கீபோர்டிலேயே பேஸை வாசித்துவிடலாம், ஜனங்களுக்கு வித்தியாசம் தெரியாது என்றும் அண்ணன் சொன்னார். நான் குழுவில் இருப்பதா வேண்டாமா என்பதே பேச்சாகிவிட்டது. என்னை தீதி, அக்கா என்று கூப்பிடுகிற டிரம்ஸ்காரர் ஒருவர்தான், தீதி வாசிக்காவிட்டால் தனக்குத் தாளம் நிற்காது என்று இந்தியில் முனகினார். அண்ணன் காதில் அது விழுந்த மாதிரித் தெரியவில்லை.

மாதா கோயில் திருவிழா மேடையில் எங்களை அறிமுகம் செய்தபோது அண்ணன் மைக்கில், அந்த பேஸை மெயின்லேண்டில் தாமே கடை கடையாக ஏறித் தேடி வாங்கி வந்ததாகச் சொன்னார். ஜனம் கை தட்டியது. வாத்தியத்துக்குத் தட்டினார்கள், அண்ணனுக்குத் தட்டினார்கள். அதைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவள் ஒரு ஸ்டாண்டு.

அடுத்த பள்ளி விடுமுறையில் நான் குடும்பத்தோடு தூத்துக்குடிக்குக் கிளம்பினேன். சென்னை வழியாகத்தான் போக வேண்டும். அண்ணன் லிஸ்டோடு வந்தார். அவருக்குப் புதுக் கித்தார் வேண்டுமாம். ஒரு முழுத் தாள். மாடல், நிறம், கழுத்தின் மரம், பிக்கப் எத்தனை, கம்பியின் கனம் எல்லாம் வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றின் கீழும் சிவப்பு மையில் கோடு. கடைசி வரியில் இரட்டைக் கோடு போட்டு எழுதியிருந்தார்: இது இல்லாவிட்டால் வேறு எதுவும் வேண்டாம்.

ஆக, லிஸ்ட் என்றால் என்ன என்று இவருக்கு நன்றாகவே தெரியும். அளவு மாறினால் கைக்கு ஒத்துவராது என்பதும் தெரியும். அது இவர் கைக்கு மட்டுமான விஷயம். அந்தத் தாளைக் கப்பலில் மூன்று நாளும் எடுத்து எடுத்துப் படித்தேன். கடலில் வீசிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

வீசவில்லை. திரும்பும் வழியில் சென்னையில் மூன்று கடை ஏறி இறங்கி, அவர் எழுதியதை எழுதியபடியே வாங்கினேன். மூன்றாவது கடையில் ஒரு மூலையில் முப்பது இஞ்ச் பேஸ் ஒன்று இருந்தது. மரக்கலர், நான்கு கம்பி, கெத்து கிடையாது. மடியில் வைத்து விரலை விரித்தேன். நான்கு விரலும் நான்கு கட்டில் போய் உட்கார்ந்தன. கடைக்காரப் பையன் ஏன் அக்கா அழுகிறீர்கள் என்று கேட்டான். கோபத்தில் என்றேன். அதையும் பில் போடச் சொன்னேன்.

ஊருக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, சிவப்பு பேஸை அண்ணனிடமே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். அதைச் சாத்தம் பக்கம் ஒரு தச்சரிடம் சொல்லிச் செய்த படாக் மரப் பெட்டியில்தான் வைத்திருந்தேன். பெட்டியைக் கொடுக்க மனமில்லை. அது வந்த பையை அலமாரியின் மேலிருந்து இறக்கினேன். வந்த மாதமே பூசணம் பிடித்ததால் தொடாமல் போட்டு வைத்திருந்த பை. வெயிலில் காய வைத்து, ஒவ்வொரு ஜிப்பாகத் திறந்து துடைத்தேன். உள்பக்கச் சின்ன அறையில் வாரண்டி அட்டைக்கு அடியில் நான்காக மடித்த காகிதம் ஒன்று இருந்தது.

ஸ்டேப்ளர் பின் அப்படியே இருந்தது. உப்புக் காற்றில் துருப்பிடித்து, காகிதத்தில் இரண்டு பழுப்புப் பொட்டு வைத்திருந்தது. அதை யாரும் பிரிக்கவே இல்லை.

பார்த்தேன்மா என்றாரே. யோசித்துத்தான் வாங்கினேன் என்றாரே. என் பேச்சை ஒதுக்கினார் என்று நினைத்துத்தான் ஒன்றரை வருடம் கொதித்திருந்தேன். ஒதுக்குவதற்காவது முதலில் படித்திருக்க வேண்டும்.

கோடவுனில் முதலில் அவர் கித்தாரைக் கொடுத்தேன். பிரித்து, தடவி, எழுதினது எழுதினபடியே இருக்கிறது என்று குழந்தை மாதிரி மகிழ்ந்தார். பிறகு என் பேஸை எடுத்தேன். சோட்டா சாமான் வாங்கி வந்துவிட்டாயே என்று சிரித்தார். டீச்சரும் சிரித்தார். நான் சிவப்பு பேஸை அதன் பையோடு அவர் காலடியில் வைத்தேன். அந்தக் காகிதத்தை அவர் கையில் கொடுத்தேன்.

"பிரிச்சுப் பாருங்கண்ணே."

அந்த ஸ்டேப்ளர் பின் அவர் விரல் பட்டதும் ஒடிந்தது. மடிப்பை விரித்தார். முப்பது இஞ்ச் என்பதை உதட்டை அசைத்துப் படித்தார். அதற்குக் கீழே என் கை இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் ஒரு விமானம் இறங்கியது. வழக்கம்போல எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம்.

சத்தம் அடங்கியதும் சொன்னார். "கொண்டு வந்தவன்கிட்ட இப்பிடிக் கேக்குறது நம்ம ஊரு வழக்கம் இல்லையேம்மா. அன்னைக்கு நீதான நல்லாருக்குன்னு சொன்ன?"

"பொய் சொன்னேண்ணே. நீங்களும் பொய் சொன்னீங்க. என்னுது வழக்கத்துக்காகச் சொன்னது. உங்களுது எதுக்கு?"

அண்ணன் காகிதத்தை மடித்துத் தன் சட்டைப் பையில் வைக்கப் போனார்.

"அத இங்க குடுங்க. அது என் கை."

கொடுத்தார். அதை ஆம்ப்ளிஃபயர் மேல் விரித்து, காற்றில் பறக்காமல் இருக்க ஒரு செங்கல் துண்டை வைத்தேன். முதல் பாட்டு எப்போதும் அண்ணன் கித்தாரில்தான் தொடங்கும். அன்றைக்கு டிரம்ஸ்காரர் குச்சியைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் தொடங்கினேன்.