கோடு இறங்கியதும் குதித்தவர்

பிள்ளைகளே, பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி ஆய்வகத்துக்குக் கறுப்புத் திரை மாட்டப் போனபோது அந்த ஆராய்ச்சிக்காரப் பெண்ணைப் பார்த்தேன். ஒல்லியானவர். ஜன்னல் இடுக்குதோறும் உள்ளங்கையை நீட்டி, வெளிச்சம் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்.

"அண்ணாச்சி, அங்கன நூல் கணக்கா வெளிச்சம் வருது. பைய இழுத்து மூடுங்க."

மூடினேன். சிறு தகட்டில் ஒரு துளி இரத்தம் விட்டு, நீல விளக்கைப் போட்டார். வெளிச்சம் பட்டால் தகட்டில் மின்சாரம் ஓடுமாம். புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கும் புரதம் துளியில் இருந்தால், அது தகட்டில் ஒட்டி மின்சாரத்தைக் குறைக்குமாம். இந்தத் துளியில் அது இருப்பது தெரிந்தும், பல மாதமாக முயன்றும் குறையவில்லையாம்.

கணினியில் மின்சார அளவைக் காட்டும் கோடு சரசரவென்று இறங்கியது.

"இறங்கிட்டு அண்ணாச்சி, இறங்கிட்டு!" என்று குதித்தார்.

"இறங்குனா நல்லதாம்மா? எங்க வீட்டுல மார்க்கு இறங்குனா ஏச்சுதான்."

"இங்க இறங்குனாத்தான் பாஸ்!"

"அப்ப இனி ஆஸ்பத்திரியில கொடுத்துரலாம்லா?"

"அதுக்குள்ளயா? புரதம் இல்லாத துளிக்கு இறங்காம இருக்கணும்லா!"

உடனே புதுத் தகட்டை எடுத்து, புரதம் இல்லாத துளியை விட்டார். இறங்கிவிடாதே என்று நானும் மூச்சைப் பிடித்து நின்றேன். கோடு அசையவே இல்லை. இருவரும் கைதட்டிவிட்டோம். பெயரைக் கேட்கக்கூடத் தோன்றவில்லை. கோடு இறங்கியதும் குதித்த அவ்வளவு சந்தோஷத்துக்கு நடுவிலும், அது சரிதானா என்று அவருக்கு எப்படித்தான் சந்தேகம் வந்ததோ!